விளக்கு வைக்க ஓர் ஆள்

கிளிநொச்சியில் வீடு வாங்க வருகிறவர்கள் வாசலில் நின்று வீட்டைப் பார்ப்பதில்லை. நேரே பின்வளவுக்குப் போய்க் கிணற்றைத்தான் எட்டிப் பார்ப்பார்கள். சுவர் வெடித்திருந்தால் பூசலாம், ஓடு உடைந்திருந்தால் மாற்றலாம், தண்ணீர் இல்லாத கிணற்றை என்ன செய்வது? அதனால் எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. விற்கிறவர் பக்கம் நிற்கும் தரகர் தை, மாசியில் வீடு காட்டுவார். மாரி மழை முடிந்து எல்லாக் கிணறும் நிரம்பி நிற்கிற காலம் அது. வாங்குகிறவர் கொஞ்சம் விவரமான ஆள் என்றால், "ஆவணியில வந்து பாக்கிறன்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். ஆவணியில் வன்னி காய்ந்து கிடக்கும். அந்த மாதத்திலும் தண்ணீர் நிற்கிற கிணறுதான் கிணறு. மற்றதெல்லாம் வெறும் குழி.

நான் ஆசைப்பட்டுத் தரகன் ஆனவன் அல்ல. வான் ஓட்டிக்கொண்டிருந்தேன், முதுகு விட்டுவிட்டது. வான் ஓட்டிய காலத்தில் பளையிலிருந்து வவுனியா வரைக்கும் ஒவ்வொரு தெருவும் ஒழுங்கையும் பழகியிருந்தது. எது சொந்தப் பத்திரம் உள்ள உறுதிக் காணி, எது அரசாங்கம் பேர்மிட்டில் கொடுத்த காணி என்று கேட்காமலே தெரியும். பேர்மிட் காணியை நினைத்தபடி விற்க முடியாது. அதைத் தெரிந்து வைத்திருந்தால் பாதித் தரகர் ஆகிவிடலாம். மீதிப் பாதி வாய். அது எனக்குப் பிறவியிலேயே வாய்த்தது. கோபமும் கூடவே வாய்த்தது, ஆனால் அது தொழிலுக்கு உதவுவதில்லை. "ஊருக்கெல்லாம் வீடு பிடிச்சுக் குடுக்கிற ஆளுக்கு எங்கட குசினி ஒழுகிறது மட்டும் கண்ணில படாது" என்பாள் மனைவி. அவள் சொல்வது சரிதான். இன்றைக்கும் ஒழுகுகிறது.

இந்தப் பக்கத்தில் நல்ல வீடுகள் பலவற்றின் சொந்தக்காரர்கள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். வீட்டைப் பூட்டி வைத்தால் கறையான் ஏறும், கதவு நிலையைக் கழற்றிக்கொண்டு போவார்கள். அதைவிடப் பெரிய பயம், விளக்கு எரியாத வீட்டில் மூதேவி வந்து குடியிருப்பாள் என்பது. ஆகவே இருக்க இடமில்லாத யாரையாவது வாடகை இல்லாமல் இருத்துவார்கள். "விளக்கு வைக்க ஒரு ஆள் வேணும்" என்றுதான் கேட்பார்கள். கூட்டித் துடைத்து, மரத்துக்குத் தண்ணீர் விட்டு, பொழுதுபட்டதும் விளக்கு வைத்துக்கொண்டு அவர்கள் இருப்பார்கள். எழுத்து ஒன்றும் கிடையாது. "உங்கட வீடு மாதிரி இருங்கோ" என்ற ஒரு சொல்தான். நல்ல மனதோடு சொல்கிற சொல்தான் அது. ஆனாலும் இப்போதெல்லாம் அதைக் கேட்டால் எனக்கு எரிச்சல் வருகிறது.

அப்படி இருக்கிறவர்களுக்கு எங்களைக் கண்டால் பிடிக்காது. பிடிக்க வேண்டிய அவசியமும் இல்லை. வீடு விலைப்பட்டால் அவர்கள் எழும்ப வேண்டியவர்கள். அதனால் வாங்க வருகிறவர்களுக்கு அவர்கள் தங்களால் ஆனதைச் சொல்லிவைப்பார்கள். கிணற்றடியில் நாகம் இருக்கிறது என்று ஒருவர். இரவில் யாரோ நடக்கிற சத்தம் கேட்கிறது என்று இன்னொருவர். பக்கத்து வேலிக்காரர் எல்லைக்கு வழக்கு வைத்திருக்கிறார் என்று மற்றவர். எல்லாரும் தவறாமல் சொல்வது, ஆனி பிறந்தால் கிணறு வற்றிவிடும் என்பது. இதற்கெல்லாம் நாங்களும் வழி வைத்திருக்கிறோம். ஆட்கள் வருகிற நேரம் பார்த்து, "அக்கா, ஒருக்காக் கோயிலுக்குப் போட்டு வாங்கோவன்" என்று அனுப்பிவிடுவோம்.

ஒருநாள் லண்டனில் இருந்து ஒரு பெண் தொலைபேசியில் பேசினார். டவுனுக்குப் பின்பக்கம், வாய்க்காலுக்குக் கிட்ட அவர்களுக்கு ஒரு வீடு. உறுதிக் காணி. தாய் தகப்பன் செத்துப் போய்விட்டார்கள்.

"அண்ணை, பிள்ளையள் அங்க வந்து இருக்கப்போறேல்லை. வித்திடுவம்."

"அங்க ஒரு அக்கா இருக்கிறா எல்லே. அவாக்குச் சொன்னீங்களோ?"

"நீங்களே பக்குவமாச் சொல்லிவிடுங்கோ, அண்ணை."

எங்கள் தொழிலில் கூலி இல்லாத வேலை ஒன்று உண்டென்றால் அது இதுதான். பக்குவமாச் சொல்வது.

போய்ப் படலையைத் திறந்தேன். அக்கா முற்றம் கூட்டிக்கொண்டு நின்றார். ஐம்பத்தைந்து வயது இருக்கும், மெலிந்த ஆள், குரல் மட்டும் கணீரென்று இருக்கும். அந்த ஒழுங்கையில் என்னைத் தெரியாதவர்கள் இல்லை. தரகன் படலையைத் திறந்தால் பக்குவமாகச் சொல்ல ஒன்றும் மிஞ்சுவதில்லை. அவர் விளக்குமாறைச் சுவரில் சாத்திவிட்டு, "வித்துப்போட்டினமோ, விக்கப்போயினமோ?" என்று கேட்டார்.

"விக்கப்போயினம், அக்கா."

"அப்ப வந்து பாருங்கோ" என்று உள்ளே கூட்டிக்கொண்டு போனார்.

நான் பல வீடுகள் பார்த்தவன். அன்றைக்குப் பார்த்தது போல ஒன்றைப் பார்க்கவில்லை. சிவப்புச் சீமெந்து நிலத்தில் முகம் தெரிந்தது. அலுமாரிக் கண்ணாடியில் ஒரு கைரேகை இல்லை. அவர் வந்தபோது வீட்டுக்குக் கூரை கிடையாதாம். நிலைகளெல்லாம் கழற்றப்பட்டு, அறைக்குள் எருக்கலை முளைத்திருந்ததாம். லண்டன்காரர் காசு அனுப்ப, மேசனோடு சண்டை பிடித்து, சீமெந்துக்குத் தானே தண்ணீர் ஊற்றி எழுப்பிய வீடு. பின்வளவுத் தென்னைகள் அவர் வைத்தவை. தேசி அவர் வைத்தது. கறிவேப்பிலை, முருங்கை, வேலிக் கரையில் மாதுளை, எல்லாம் அவர் கை. ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டுக் காட்டினார். தென்னைகளில் ஒன்று அந்த வருசம்தான் முதல் குலை தள்ளியிருந்தது.

நான் எல்லாவற்றையும் மனதில் பதிந்துகொண்டேன். காய்க்கிற தென்னை, தேசி, புதுக் கூரை, நல்ல நிலம். வாங்க வருகிறவர்களிடம் அடுக்க வேண்டியவை. அவர் பட்ட பாடு முழுவதும் என் வாயில் விலையாக மாறப்போகிறது என்பது அங்கே நின்றபோதே எனக்குத் தெரிந்தது. அவருக்கும் தெரிந்திருக்கும். ஆனாலும் ஒன்றையும் காட்டாமல் விடவில்லை.

தேத்தண்ணி தந்த பிறகு தன் கதையைச் சொன்னார். நீட்டி முழக்கவில்லை. போர் முடிந்து முகாமால் வந்த கையோடு விசுவமடுவில் பேர்மிட் காணியும் வீட்டுத்திட்டத்தில் ஒரு வீடும் கிடைத்தன. அடுத்த வருசமே கணவர் நெஞ்சு வலியில் போய்விட்டார். இருந்தது ஒரு மகள். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். மகளுக்குக் கலியாணம் பேசியபோது அந்த வீட்டைச் சீதனமாகக் கொடுத்துவிட்டு அவர் வெளியே வந்தார். இரண்டு அறை வீடு. அதில் மகள், மருமகன், அவருடைய தாய் தகப்பன், பிள்ளைகள்.

"மகள் வரச்சொல்லித்தான் கேக்கிறாள். சீதனமாக் குடுத்த வீட்டில போய் நான் எந்த மூலையில பாயை விரிக்கிறது, தம்பி? வருத்தம் துன்பம் வந்தால் பாப்பம்."

நான் எழும்பும்போதுதான் கேட்டார். அவர் என்னிடம் கேட்டது அந்த ஒன்றுதான்.

"விக்கிறது விக்கட்டும். அவையின்ர வீடு. எனக்கு வேற எங்கையாவது விளக்கு வைக்க ஆள் தேடினால் சொல்லுவியளோ? இருக்கிற காலத்துக்கு ஒரு இடம். நாலு கோழியும் வரும்."

சொல்கிறேன் என்றேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம் கதையைச் சொன்னபோது, அவரைக் கொஞ்சக் காலத்துக்கு எங்கள் வீட்டில் இருத்தலாமே என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். மனைவி என்னைப் பார்த்த பார்வை கோபப் பார்வை அல்ல. "கேட்டுப் பாருங்கோ. ஆனால் அவா வரமாட்டா. விளக்கு வைக்கிற வீட்டில அவா வீட்டுக்காரி. இங்க வந்தால் ஒண்டி இருக்கிற ஆள்" என்றாள். கேட்டுப் பார்த்தேன். மனைவி சொன்னபடியே நடந்தது.

தையில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனேன். டவுனில் இரும்புக் கடை வைத்திருக்கிற ஒரு முஸ்லிம் வியாபாரியும் மனைவியும். முல்லைத்தீவுப் பக்கம் பிறந்தவர்கள். சிறு பிள்ளைகளாய் இருந்தபோது, வடக்கில் இருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்ட நேரம், உடுத்த உடுப்போடு போய்ப் புத்தளத்தில் வளர்ந்தவர்கள். திரும்பி வந்து கடைக்கு மேலே ஓர் அறையில் பிள்ளைகளோடு நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள். அவர்களுக்கு வீடு பிடிக்க நான் நெடுநாள் அலைந்திருக்கிறேன். வெளிநாட்டில் இருந்துகொண்டு, "ஆர் ஆக்கள்?" என்று கேட்பவர்களோடு தொலைபேசியில் கத்தி, இரண்டு வியாபாரத்தைக் கெடுத்தும் இருக்கிறேன். லண்டன்காரப் பெண் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. அந்தளவில் அவருக்குப் புண்ணியம்.

வழக்கம்போல அக்காவைக் கோயிலுக்கு அனுப்பப் பார்த்தேன். "வீட்டுக்கு ஆக்கள் வரேக்க நான் ஏன் கோயிலுக்குப் போறன்?" என்று சொல்லிவிட்டார். வந்தவர்களுக்குக் கதிரை போட்டார், தேத்தண்ணி வைத்தார். வியாபாரி கூரையைப் பார்த்தார், கதவுகளைத் தட்டிப் பார்த்தார். பிறகு எல்லாரும் கிணற்றடிக்குப் போனோம். கிணறு தளும்பி நின்றது. தை மாதக் கிணறு வேறெப்படி நிற்கும்?

வியாபாரியும் அதைத்தான் நினைத்தார். "இப்ப எல்லாக் கிணறும் இப்படித்தான் நிக்கும். ஆவணியில வந்து ஒருக்காப் பார்த்திட்டுச் சொல்றேன்" என்றார்.

எனக்கு ஒரு பக்கம் வியாபாரம் தள்ளிப்போகிற கவலை. மறுபக்கம், உள்ளதைச் சொன்னால், ஆவணி வரைக்கும் அக்காவுக்கு இடம் இருக்கும் என்று ஒரு நிம்மதி. அதற்குள் அவருக்கு ஒரு வீடு பிடித்துவிடலாம்.

வியாபாரியின் மனைவி கப்பியில் கிடந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாளியை இறக்கி ஒரு வாளி அள்ளினார். கையில் ஏந்திக் குடித்துப் பார்த்தார். பிறகு இன்னொரு கை குடித்தார்.

"இனிக்குது, அக்கா. நாங்க வளந்த இடத்தில உப்புத் தண்ணி. குளிச்சா முடி சடை பிடிச்சிரும், தேத்தண்ணி போட்டாலும் கரிக்கும். எங்க உம்மா மௌத்தாகிற வரைக்கும் ஊர்க் கிணத்துத் தண்ணியப் பற்றித்தான் கதைச்சிட்டு இருந்தாங்க" என்றார்.

அக்கா அவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் அக்காவைப் பார்த்தேன். ஒன்றும் சொல்லாமல் இருந்தாலே போதும், ஆவணி வரைக்கும் அவருக்கு வீடு. ஒரு பொய் சொன்னால் அதற்குப் பிறகும் வீடு.

"இது வத்தாது, பிள்ளை" என்றார் அக்கா. "நான் இங்க எத்தினையோ ஆவணி கண்டிட்டன். ஒரு ஆவணிக்கும் கயிறு நீட்டினது கிடையாது. பக்கத்து வீட்டுக்காரரும் இங்க வந்துதான் அள்ளுவினம். நீங்கள் யோசிக்காமல் வாங்குங்கோ."

அவ்வளவுதான். வீடு விலைப்பட்டுவிட்டது. நான் வாங்கிய தரகுக்கு உழைத்த வாய் அவருடையது.

அவர்களைக் கடையில் விட்டுவிட்டு நேரே திரும்பி வந்தேன். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. தன் தலையில் தானே மண் அள்ளிப் போடுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பொறுக்காது.

"உங்களை ஆர் கேட்டது, அக்கா? அந்த மனிசன் ஆவணியில வாறனெண்டு சொன்னவர். நீங்கள் வாய் மூடி இருந்திருந்தால் இன்னும் அரை வருசம் இருந்திருக்கலாம். நான் வீடு விக்கிறவன், எனக்கே இல்லாத அவசரம் உங்களுக்கு."

அவர் அரிசி களைந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"தண்ணியைப் பற்றிப் பொய் சொல்லலாமோ, தம்பி? சண்டையின்ர கடைசி நேரத்தில நாங்கள் கடற்கரையில கிடக்கேக்க மண்ணைத் தோண்டி ஊறுற தண்ணியைச் சீலையால வடிச்சுக் குடிச்சனாங்கள். ஒருத்தி எனக்கு ஒரு சிரட்டை நல்ல தண்ணி தந்தவள். ஆரெண்டு தெரியாது. இருக்கிறாளோ இல்லையோ தெரியாது." களைந்த தண்ணீரைத் தேசிமரத்தடியில் ஊற்றினார். "அந்தப் பிள்ளை குடிச்சதைப் பாத்தனீங்கள்தானே."

நானும் அந்தக் கடற்கரையில் கிடந்தவன்தான். கோபம் மட்டும் போகாமல் நின்றது, அது யாரில் என்று எனக்கே தெரியவில்லை.

வியாபாரி நல்ல மனிசன். உறுதி எழுதி முடிந்த பிறகும், "அவசரமில்ல, அக்கா ஆறுதலா எழும்பட்டும்" என்றார். மனைவி ஒருபடி மேலே போய், பின்னறையை ஒதுக்கித் தருகிறோம், எங்களோடு இருங்கள் என்று கேட்டார். அக்கா மறுத்துவிட்டார். வாங்கின வீட்டில் வாங்கினவர்கள்தான் முதல் அடுப்பு மூட்ட வேண்டும், பழைய ஆள் ஒருத்தி மூலையில் நின்று பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது என்றார்.

சித்திரை முடியும்போது ஓர் இடம் அகப்பட்டது. கனகராயன்குளத்தில், பெரிய வீதியில் இருந்து கொஞ்சம் உள்ளே. சொந்தக்காரர் பிரான்சில். வீடு பாழாய்ப்போய்விட்டது என்று அவரே நம்பியிருந்தார். "ஆரையாவது இருத்துங்கோ, அண்ணை. பாம்பு பூச்சி அடையாமல் இருந்தால் காணும்" என்றார். அந்தச் சொல் எனக்குப் பிடித்திருந்தது. தன் வீட்டை ஒன்றுக்கும் உதவாது என்று நினைக்கிறவர் அதை விற்க நினைக்கமாட்டார். அக்கா கடைசி வரைக்கும் அங்கே இருக்கலாம் என்று கணக்குப் போட்டேன்.

வெளிக்கிடுகிற அன்று பெட்டி பூட்டின லான்ட் மாஸ்டர் உழவு இயந்திரம் ஒன்று கொண்டுபோனேன். பின்பெட்டியில் பாதிகூட நிறையவில்லை. இரண்டு கதிரை, பாய், சட்டி பானை, உடுப்புப் பெட்டி, கூடையில் கோழிகள். சாமிப் படங்களைச் சேலையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். அதற்கு முன்னர் வீடு முழுவதையும் இன்னொரு முறை துடைத்தார். பிறகு கிணற்றடிக்குப் போய் வாளியை நிறைத்துக் கிணற்றுக் கட்டின்மேல் வைத்தார். வாறவர்களுக்குக் கால் கழுவ என்றார். குலை தள்ளிய தென்னையைத் திரும்பிப் பார்ப்பார் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. படலையைச் சாத்திக் கொழுக்கியைப் போட்டு, போட்டது சரிதானா என்று இழுத்தும் பார்த்துவிட்டு ஏறினார்.

கனகராயன்குளத்து வளவைக் கண்டபோது எனக்கே வெட்கமாக இருந்தது. பற்றை கழுத்தளவு. குசினிப் புகைக்கூட்டில் வௌவால். அக்கா இறங்கி ஒருமுறை சுற்றிப் பார்த்தார். "நல்ல காத்து வருது" என்றார். பிறகு கத்தியைக் கேட்டார்.

வைகாசி கழியும்போது அந்தப் பக்கம் போகிற வேலை வந்தது. பாணும் கொஞ்சம் மீனும் வாங்கிக்கொண்டு போனேன். படலையில் நின்று, வீடு மாறி வந்துவிட்டேனோ என்று யோசித்தேன். வளவு மண் தெரிந்தது. மூலையில் கத்தரி, மிளகாய். சுவருக்கு வெள்ளை அடித்திருந்தார். கிணற்றுக் கட்டைச் சுற்றிச் சீமெந்து பூசியிருந்தார், அதுவும் தன் கையால்.

"பக்கத்து வீட்டுப் பிள்ளையட்ட ஃபோன் இருக்கு. படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பினது" என்றார். முகத்தில் அப்படி ஒரு சந்தோசம். "வீடு பாழாப்போச்செண்டு கவலைப்பட்டவர் எல்லே. பாத்து ஆறுதல் படட்டும்."

நான் கையில் இருந்த பாணைக் கீழே வைத்தேன். சொல்லி என்ன? படம் ஏற்கனவே போய்விட்டது.

அதிக நாள் எடுக்கவில்லை. பிரான்சில் இருந்து அழைப்பு வந்தது. "அண்ணை, வீடு இவ்வளவு நல்லா இருக்குதெண்டு எனக்குத் தெரியாமல் போச்சு. மனிசிக்கும் படத்தைக் காட்டினனான். இப்பவே வித்தால் நல்ல விலைக்குப் போகும் எண்டு சொல்லுறா. ஆரும் இருக்கினமோ?"

"அந்த அக்கா வந்து இன்னும் அடுப்புச் சூடு ஏறேல்லை, தம்பி" என்றேன்.

"பாவம்தான். நீங்கள் பக்குவமாச் சொல்லிவிடுங்கோ."

நான் கத்தியிருக்க வேண்டியவன். கத்தவில்லை. மாட்டேன் என்று சொல்லலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். நான் மாட்டேன் என்றால் வவுனியாவில் இருந்து இன்னொரு தரகர் வருவார். அவர் சொல்லாமல் கொள்ளாமல் ஆட்களோடு படலையைத் திறப்பார். அப்படித்தான் எனக்கு நானே நியாயம் சொன்னேன். அந்த நியாயம் சரியானதுதான். சரியாய் இருந்தும் சோறு இறங்கவில்லை. மனைவி சோற்றுக் கோப்பையை எடுத்துக்கொண்டு போகும்போது, "அவா கை வைச்ச வீடு விலைப்படும். அதுதான் அவாவின்ர தலைவிதி" என்றாள். கண்ணைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டுதான் சொன்னாள்.

போனேன். அக்கா கிணற்றடியில் நின்றார். என் மோட்டார் சைக்கிள் சத்தத்துக்குத் திரும்பி, என் கையைப் பார்த்தார். மீனும் இல்லை, பாணும் இல்லை. பிறகு முகத்தைப் பார்த்தார்.

"எப்ப வருகினம்?" என்று மட்டும் கேட்டார்.

ஆடிப் பிறப்பு முடிந்த கையோடு அவர்கள் வந்தார்கள். பளையில் இருந்து மாற்றலாகி வந்த இளம் சோடி, இருவரும் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவர்கள். அந்தப் பெண்ணுக்கு வயிற்றில் பிள்ளை. அவர்களைக் கோபிக்கவும் எனக்கு வழியில்லை. அக்கா முற்றத்துக்குத் தண்ணீர் தெளித்துக் கூட்டி வைத்திருந்தார். பகல் நேரத்திலும் சாமிப் படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்தது. கத்தரியில் காய் பிடித்திருந்தது. நான் அதை எடுத்துச் சொல்லவில்லை. தரகன் ஆன பிறகு ஒரு வீட்டைக் காட்டிக்கொண்டு நான் வாய் திறக்காமல் நின்றது அன்றைக்குத்தான்.

அவர்கள் அறைகளைப் பார்த்தார்கள், கூரையைப் பார்த்தார்கள், பிறகு கிணற்றடிக்குப் போய் எட்டிப் பார்த்தார்கள். தண்ணீர் கீழே இருந்தது, ஆனால் இருந்தது. அந்தப் பெண் அக்காவிடம் திரும்பினாள்.

"அம்மா, ஆவணியிலயும் தண்ணி நிக்குமோ?"

அக்கா கிணற்றுக் கட்டில் கையை வைத்தார். தான் பூசிய சீமெந்தை ஒருமுறை தடவினார். அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியவில்லை. வற்றிவிடும் என்று சொல்லட்டும், இந்த ஒருமுறை சொல்லட்டும் என்று மனதுக்குள் மன்றாடினேன்.

"தெரியாது, பிள்ளை" என்றார். "இந்த வீட்டில நான் இன்னும் ஒரு ஆவணி காணேல்லை."

பிறகு அவர்களுக்குத் தேத்தண்ணி வைக்கக் குசினிக்குள் போனார்.